இரண்டு வரிசை

சபரகமுவ மாகாணத்தில் சிரிப்பை ஒரு கடமையாகச் செய்கிறவன் நான் ஒருவன்தான், டொக்டர். மற்றவர்கள் சந்தோஷம் வந்தால் சிரிக்கிறார்கள். நான் தேவை இருக்கும் இடத்தில் சிரிப்பேன். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

நீங்கள் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. உங்கள் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வந்து சொல்லவேண்டியதை இப்போதே மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். அண்ணியை வீட்டுக்கு விடுவதா, வருஷக்கணக்கில் இருப்பவர்களின் வார்டுக்கு மாற்றுவதா என்று இன்றைக்கு முடிவு செய்யப்போகிறீர்களாம். அந்த வார்டுக்குப் போனால் பெற்ற பாப்பாவைக் கண்ணில் காட்டமாட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். அண்ணிக்கு மறதி எப்போது தொடங்கியது என்பதுதான் உங்கள் கேள்வி. அது எனக்குத் தெரியும்.

பெல்மதுளைச் சந்தியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அண்ணன் சுந்தரலிங்கம் கடையைப் பார்க்கிறார். அம்மா அண்ணனைப் பார்க்கிறாள். நான் இரத்தினபுரியில் கல்லூரிக்குப் போய்வருகிறேன். அண்ணி ராகினி, ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். கல்யாணமாகி வரும்போது எல்லாப் பெண்களும் கொண்டுவருவதைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு ஜோடி பின்னல் ஊசி, கம்பளி நூல் உருண்டைகள், பழஞ்சேலைத் துண்டுகள் ஒரு மூட்டை, கேக் தட்டு ஒன்று.

பெல்மதுளையில் கம்பளி பின்னுவது என்றால் உங்களுக்கே விளங்கும். காற்றாடிக்குக் கீழே இருந்தாலும் பெனியன் முதுகில் ஒட்டுகிற ஊர். அண்ணி நெற்றியைத் துடைத்துத் துடைத்துத் தொப்பி பின்னுவார்.

"யாருக்கு அண்ணி, காட்டு அட்டைக்கா? குளிருதாமா அதுக்கு?"

"பண்டாரவளைக் குளிர்ல சித்தி இருக்காங்கல்ல தம்பி. அட்டைக்கும் ஒண்ணு வேணும்னா அளவு எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமைகளில் கேக் சுடுவார். மண்ணெண்ணெய் அடுப்பில் பெரிய சட்டி, சட்டிக்குள் மணல், மூடிக்கு மேலே சிரட்டைக் கரி. அது வேகும் நேரத்தில் பக்கத்துத் துணிக்கடை றஹீமா வெட்டுத் துண்டுகளோடு வந்துவிடுவார். இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைப்பார்கள். எதற்கோ சிரிப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

அண்ணி முழுகாமல் இருந்தபோது பிள்ளைக்கென்று ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பொறக்காத புள்ளைக்கு எதுவும் தைக்கக் கூடாதும்மா. பொறந்ததும் பழந்துணியிலதான் மொதல்ல போடணும்."

"இதுவும் பழந்துணிதான் அத்தை. செத்துப்போன எங்கம்மா சேலை."

அம்மா உள்ளே போய்விட்டாள். ஆனால் மறக்கவில்லை. பாப்பா நல்லபடியாகப் பிறந்தது, கொழுகொழுவென்று வளர்ந்தது. அப்போதும் மறக்கவில்லை.

கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் அண்ணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பு, 'வெப்ப வலயத்தில் கம்பளிப் புரட்சி'. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதை றஹீமாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா தொப்பிய ஒரே ஊசியால குத்திக் குத்திப் பின்றதா எழுதிட்டீங்களே. ரெண்டு ஊசி வேணும்ல?"

"விடுங்கோ ராகினி," என்றார் றஹீமா. "காலேஜ் புள்ளைகளுக்கு டொக்டர் போடுற ஊசி மட்டுந்தான் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் தேவை இருந்தது.

அடுத்த இதழுக்கு இன்னொரு கட்டுரை கேட்டார்கள். அண்ணியிடம் விஷயம் இருக்கவில்லை. நிம்மதியாக இருக்கிற ஒருவரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடியாது. ஆகவே கொஞ்சம் உதவி செய்தேன்.

அவர் குளிக்கப் போன நேரத்தில், பாப்பாவுக்குப் பின்னிக்கொண்டிருந்த தொப்பியிலிருந்து இரண்டு வரிசையை அவிழ்த்தேன். அவிழ்ப்பது யாருக்கும் வரும். விடுபட்ட கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றுவதுதான் வேலை. ஒன்று நழுவினாலும் அடிவரைக்கும் ஓடிவிடும். அதற்காக அவருடைய விரல்களைப் பல நாள் பார்த்துப் பழகியிருந்தேன். அண்ணி வந்து ஊசியை எடுத்தார், எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"ரெண்டு வரிசை கொறையுதே. புள்ள பெத்ததும் புத்தியும் அதோட போயிருச்சு போல," என்று தனக்குத்தானே சிரித்தார்.

நன்றாக இருந்தது. அடுத்த நாளும் இரண்டு வரிசை அவிழ்த்தேன். அவர் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் முடிந்து வைத்தார். முடிச்சைக் கழற்றிக் கீழே இறக்கி முடிந்தேன். அண்ணி சத்தமாக எண்ணத் தொடங்கினார். கொஞ்ச நாளில் எண்ணுவதையே விட்டுவிட்டார். அந்த இரண்டாவது கட்டுரையை நான் எழுதவேயில்லை, டொக்டர். நேரம் கிடைக்கவில்லை.

போர்வையின் நடுவில் அவருடைய அம்மாவின் சேலைத் துண்டு இருந்தது, மாம்பழ நிறத்தில். அதைப் பிரித்தெடுத்துவிட்டு வேறொரு துண்டை அவருடைய தையல் மாதிரியே தைத்துவைத்தேன். அன்றைக்கு அண்ணி சிரிக்கவில்லை. போர்வை முழுவதையும் பிரித்துப் போட்டுத் தேடினார்.

"இங்கதானே வச்சுத் தைச்சேன்? இங்கதானே?"

"நீங்க தைச்சத நான் கண்டேனே," என்றார் றஹீமா.

இது இடைஞ்சலாக இருந்தது. றஹீமா வீட்டுப் பெருநாளுக்கு அண்ணி பட்டர் கேக் சுட்டபோது, அளந்து வைத்த சீனியை எடுத்துவிட்டு உப்பை வைத்தேன். விருந்தாளிகளுக்கு முன்னால் றஹீமா ஒரு துண்டை வாயில் வைத்தார். விழுங்கினார். "நல்லாத்தான் ஈக்குது," என்றார். கண்ணியமான மனுஷி. ஆனால் அதற்குப் பிறகு 'நான் கண்டேன்' என்று அவர் சொல்லவில்லை.

அம்மாவும் தன் முடிவுக்கு வந்துவிட்டாள். "வயித்துல இருக்கையிலே தைக்காதேன்னேன். கேட்டாளா?" என்றாள். பூசாரியைக் கூப்பிட்டு மந்திரித்து நூல் கட்டினாள். பேய்மேல் பழி விழுகிற வீட்டில் மனிதர்கள் சௌகரியமாக இருக்கலாம். பின்னல் ஊசிகளைப் பாதித் தொப்பியோடு ஆற்றில் எறிந்துவிட்டு வரச்சொல்லி என்னிடம் கொடுத்தாள். மூடநம்பிக்கைக்கு நான் துணைபோவதில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பின்னலும் தையலும் கேக்கும் போனபிறகு அண்ணியிடம் மிச்சம் இருந்தது பாப்பா மட்டும்தான். ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளத் தொடங்கினார். வீட்டில் நம்பிக்கையான ஆள் என்று என்னைத்தான் கேட்டார்.

"தம்பி, பாப்பாவுக்கு மாப்பால் கரைச்சுக் குடுத்தேனா?"

"இப்பத்தானே குடுத்தீங்க அண்ணி."

கொடுத்திருக்கவில்லை. பாப்பா அழுதது. 'பால் குடிச்ச புள்ள ஏன் அழுவுது?' என்று தோளில் போட்டுத் தட்டினார். அழுது அழுது அதுவாகவே தூங்கியது. அப்படி எத்தனை தடவை சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. மறதி எல்லோருக்கும் உண்டு.

பாப்பா மெலிந்து, ஒரு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை, வேறு நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். அண்ணன் அன்றைக்குத்தான் முதன்முதலாக அண்ணியை அடித்தார்.

"பெத்த தாயாடி நீ?"

"குடுத்தேங்க. சத்தியமா நேரத்துக்கு நேரம் குடுத்தேன். தம்பியக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தார். அந்த வீட்டில் யாரும் என்னை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்ததில்லை.

"பாவம் அண்ணி," என்றேன்.

அதற்குப் பிறகுதான் உங்களிடம் கொண்டுவந்தோம். பாப்பா தேறிவிட்டது. அம்மாவிடம் இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை இதுதான், டொக்டர். மறதி தொடங்கவேயில்லை. அண்ணி எண்ணியது சரி. தைத்தது சரி. அளந்து வைத்தது சீனிதான். பிள்ளையைப் பட்டினி போட்டது நான். இதைச் சொல்லத்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அண்ணனோடு வந்தேன். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடலாம். நீங்கள் கேட்டவுடன் சொல்லிவிடுவேன்.

கதவு திறக்கிறது. அண்ணன் வெளியே வருகிறார். கையில் பேனா இருக்கிறது. கண் சிவந்திருக்கிறது.

"சஞ்சீவ், உன்னையக் கூப்பிடுறாங்கடா. அந்த வருஷக்கணக்கு வார்டுக்குப் போடத்தான் வேணுமாம். நான் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, வீட்டுல கூட இருந்தவன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம். எனக்குக் கை வரமாட்டேங்குது. நீ ஏதாவது சொல்லேன்." பிறகு என் மடியைப் பார்க்கிறார். "என்னடா இது?"

பாப்பாவின் தொப்பி. அண்ணி விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்திருக்கிறேன். விளிம்பு மட்டும்தான் பாக்கி. அண்ணி வீட்டுக்கு வரும்போது முடிந்திருந்தால் சந்தோஷப்படுவார் அல்லவா? வாங்கில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும். வரிசைக்கு நடுவில் எழுந்தால் கண்ணி நழுவிவிடும். பின்னுகிறவர்களுக்கு அது தெரியும்.

"நீங்க போய்க் கையெழுத்தப் போடுங்கண்ணே," என்கிறேன். "இந்த வரிசைய முடிச்சிட்டு வர்றேன்."