ஒன்றரை அல்ல, இரண்டு

உங்கள் அறை டீவியில் செய்தி வாசிக்கும் பெண் கொஞ்சம் குண்டாகத் தெரிகிறாள். படம் அகலவாட்டில் இழுபட்டிருக்கிறது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் சரியாகிவிடும், ஆனால் யாரும் அமுக்க மாட்டார்கள். மனிதர்களுக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும். ஒளிப்பதிவாளனாக என் பிழைப்பே அதை நம்பித்தான் ஓடியது.

செத்துப்போனவன் என் மனைவியின் தம்பி. என்னிடம் உதவியாளனாக ஃபோகஸ் பார்த்தான். கைபிடித்து இந்தத் தொழிலில் நுழைத்தவன் நான். நல்லவன்தான், வாய்தான் சும்மா இருக்காது.

எடுத்தது கார் விளம்பரம். அனமார்ஃபிக் லென்ஸ். அகலமான காட்சியை அது பக்கவாட்டில் நெருக்கி கேமராவுக்குள் அனுப்பும். பிறகு திரையில் அதே அளவுக்கு இழுத்து விரிக்க வேண்டும். ஷோரூமில் சுவர் முழுக்கத் திரை வைக்கப்போகிறோம், படம் எவ்வளவு பெரிதாக வரும் என்று கம்பெனிக்காரர் கேட்டார். கேமராவில் அகலத்துக்கு நாலாயிரம் புள்ளிகள், லென்ஸ் இரண்டு மடங்கு, ஆக எட்டாயிரம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"மாமா, இது ஒன்றரை மடங்கு லென்ஸ். ஆறாயிரம்தான் வரும்," என்றான் அவன். "அதுவும் இழுத்து வர்றதுதான். கேமரா நிஜமா பார்க்கிறது நாலாயிரம். இழுத்தா புள்ளி பெருகாது மாமா."

கம்பெனிக்காரர் என்னைத் தாண்டி அவனைப் பார்த்து, "இனிமே கணக்கை உங்ககிட்டயே கேட்டுக்கறோம் தம்பி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டிராலி தள்ளுகிறவன்கூடச் சிரித்தான். எனக்கு உள்ளுக்குள் பற்றி எரிந்தது, இப்போதும் எரிகிறது. நான் வாங்கிக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு என் மானத்தை வாங்கினான்.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளில்லாமல் கார் தானே ஓடுவதுபோல ஒரு ஷாட். ஓட்டுநர் வெளியே தெரியாமல் உள்ளே படுத்துக்கொண்டு, பானட்டில் கட்டிய கேமராவின் படத்தைச் சின்ன மானிட்டரில் பார்த்தே ஓட்டினார். சாலையோரம் நிற்கும் ஆளுக்கும் பானட் விளிம்புக்கும் நடுவே திரையில் நாலு விரல் இடைவெளி. அதை மட்டும் பாருங்கள் என்று ஒத்திகையில் சொல்லிப் பழக்கியிருந்தோம். கார் வேகமாகத்தான் வரும். பக்கவாட்டுக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த நாலு விரல். மானிட்டரில் படத்தை விரிக்கும் அளவை என் மச்சினன் ஒன்றரை என்று வைத்திருந்தான்.

டேக்குக்கு முன்னால் நான் அதை இரண்டு ஆக்கினேன். நாலு விரல் தெரிகிற இடத்தில் இப்போது உண்மையில் மூன்றுதான். கண்ணாடிக்கு அதில் இடமில்லை.

நிற்க வேண்டிய நடிகரை உட்காரச் சொல்லிவிட்டு அவனை அனுப்பினேன். முதுகுதானே தெரியப்போகிறது.

"தரையில் போட்ட கோட்டை விட்டு நகராதே. திரும்பிப் பார்க்காதே."

"சரி மாமா," என்றான். எதிர்த்துப் பேசாமல் அவன் எனக்குக் கீழ்ப்படிந்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

ஓட்டுநர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "சார், அவரு கொஞ்சம் குண்டா தெரியறாரே?" என்று கேட்டார்.

"அக்கா வீட்டுச் சாப்பாடு," என்றேன். அவரும் சிரித்தார்.

அடுத்த அறையில் அழுதுகொண்டிருக்கும் அந்த ஓட்டுநரை விட்டுவிடுங்கள். அவர் நாலு விரலைக் கடைசிவரை சரியாகத்தான் வைத்திருந்தார். மாற்றியது நான். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் மாற்றினேன். கோபத்தில் கை தவறியது என்றெல்லாம் எழுத வேண்டாம், என் கைக்கு நடுக்கமே இல்லை. என் மனைவியிடமும் இதை இப்படியே சொல்லுங்கள்.

நான் சொன்னது எதையும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். லென்ஸ் விவரம் வரும் இடத்தில் மட்டும் இரண்டு மடங்கு என்று போடுங்கள்.