கிணறில்லாத மந்திர நாடு

"நேத்து என்னை எதுக்குடா கொன்னே?"

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கேட்டவன் கல்லூரி மாணவன். பதறிப்போன கண்டக்டரிடம், தான் உருவாக்கிய கற்பனை நாடு ஒன்றில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு என்று பக்கத்திலிருந்த நண்பன் விளக்கினான்.

"உன்ற நாட்டுல கோட்டை ஜோரு, ஏழுதலைப் பூதம் அதைவிட ஜோரு. ஒரு கெணறு இல்லையேடா! தாகத்துல செத்துட்டேன்."

"மந்திர நாட்டுக்குக் கெணறு எதுக்குடா?"

முட்டைத் தட்டை மடியில் வைத்திருந்த அம்மாள் குறுக்கிட்டார். "பூதமும் தண்ணி குடிக்கோணுமில்லீங்க சாமி?"

நண்பன் யோசித்தான். "சரி, ஆறு விழுந்தா பொழைச்சுக்க. கெணறும் வெட்டறேன்."

செத்தவன் உருட்டினான். பஸ் குலுங்கியதில் பகடை சீட்டுக்கடியில் ஓடியது. குனிந்து தேடிய கண்டக்டர் கத்தினார்: "ஆறுங்க! தம்பி பொழைச்சுட்டாரு!"

கிணற்றை எந்த மூலையில் வெட்டுவது என்று சேலம் வரை பஸ்ஸே சண்டை போட்டது.