பதினெட்டுச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி. பேய் வருகிற நேரமா இது என்று சிரிக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதையில்லை.

நடந்தது என் தோழியின் அண்ணிக்கு. அணுமின் நிலையத்தில் வேலை. எந்தக் கருவி பழுதானாலும், ஏன் என்று துருவிக் கண்டுபிடித்து, மறுபடி ஆகாமல் சரிசெய்ய வேண்டும். வீட்டில் குழாய் சொட்டினால்கூட விடமாட்டாள். "அஞ்சு தடவை ஏன் ஏன்னு கேப்பா. ஆறாவதுக்குள்ள நான் செருப்பை மாட்டிடுவேன்" என்பார் அவள் கணவர்.

அன்று பேருந்து அவளை நிலைய வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் சாலை. இரண்டு பக்கமும் கம்பிவேலி. மரமில்லை, ஆளில்லை... வெயிலில் அவள் நடக்கிற சத்தம் மட்டும்.

மாப்பிள்ளையை நினைத்துக்கொண்டே நடந்தாள். மாப்பிள்ளை என்பது பட்டப்பெயர். ஐம்பது வயதிலும் மழமழவென்று ஷேவ் செய்து, மடிப்புக் கலையாத சட்டையில் வருகிற ஃபிட்டர் அவர்.

உலை சூடேறினால் அவசரத்துக்குக் குளிர்நீர் தள்ள ஒரு பம்பு உண்டு. அதற்குத் தண்ணீர் வருகிற குழாயில் ஒரு வால்வு. எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். போன வாரம் சோதனைக்கு ஓட்டியபோது பம்பு நின்றுவிட்டது. வால்வு மூடியிருந்தது. கேமராப் பதிவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தனியாகப் போகிறார். சக்கரத்தைப் பிடிக்கிறார். பதினெட்டுச் சுற்று சுற்றி, மூடுகிறார்.

"அதுல இருக்கிறது நான்தான் மேடம். ஆனா நான் மூடல."

அறையே சிரித்தது. "அப்ப யாரு, உங்க மாமனாரு வந்து மூடினாரா?" என்றார் ஷிப்ட் பொறுப்பாளர்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அந்தப் பார்வைதான் அவளை விடாமல் அரித்தது. அறிக்கைத் தாளில் காரணத்துக்கு மூன்றே கட்டங்கள். கருவி, நடைமுறை, ஆள். திங்கள் காலை ஒன்றில் குறிபோட்டு அவள் கையெழுத்திட வேண்டும். 'ஆள்' என்றால் அவர் வேலை போய்விடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொய் சொல்லாத மனிதர். வால்வில்தான் ஏதோ கோளாறு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

உடை மாற்றி, கையுறை மாட்டி, மூன்று மாடி ஆழம் இறங்கினாள். கனத்த கதவு பின்னால் சாத்திக்கொண்டது. எண்ணெய் வாசனை. எங்கோ ஒரு விசிறியின் உறுமல். வால்வு திறந்திருந்தது. அதன் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம். இருபது...

சோப்பு வாசனை வந்தது. இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் நின்றால் வருமே... அப்படி.

டக்.

சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். கருவிதான்! மாப்பிள்ளை பிழைத்தார்! சக்கரம் மறுபடி நகர்ந்தது. டக். டக். அவசர வால்வு கண்ணெதிரே மூடிக்கொண்டால் கை சும்மா இருக்குமா? பதினான்கு வருடப் பழக்கம். பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கிற பக்கம் இழுத்தாள்.

மாப்பிள்ளையும் இப்படித்தான் பிடித்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

கையை எடுக்க முடியவில்லை. விரல்களை ஏதோ மேலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்று... இரண்டு... அவள் இழுக்க இழுக்கச் சக்கரம் அவள் கைகளோடு எதிர்ப்பக்கம் போயிற்று. கத்தினாள். விசிறி உறுமிக்கொண்டே இருந்தது. பதினெட்டாவது சுற்றில் சக்கரம் நின்றது. விரல்கள் விடுபட்டன.

சுவரில் தொலைபேசி அடித்தது. மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து.

"மேடம், கேமராவுல பாத்துட்டேதான் இருக்கோம். ஏன் மூடினீங்க?"

கேமரா அவள் முதுகுக்குப் பின்னால். அதற்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும் சுற்றுகிற முழங்கைகளும்தான்.

"நான் திறக்கத்தான் பாத்தேன்..."

"சுத்தினது உங்க கைதானே?"

"ஆமா."

"திறந்து வச்சிட்டு மேல வாங்க."

திறந்தாள். வால்வு சாதுவாகத் திறந்துகொண்டது.

வெளியே போகும் வழியில் எல்லோர் கையையும் கருவியில் வைத்துச் சோதிப்பார்கள், கதிர்வீச்சுத் தூசு ஒட்டியிருக்கிறதா என்று. அவள் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனைக்காரர் கையுறைகளைப் பார்த்தார். சுத்தம். உள்ளங்கைகளும் சுத்தம். கையுறைக்குள் இருந்த புறங்கைகளில்தான் கருவி கடகடவென்று அடித்தது. வழக்கப்படி, தூசு இருக்கிற இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொண்டே வந்தார். கடைசிக் கோடு சேர்ந்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

அவள் ஒவ்வொரு புறங்கையின் மேலும், நீலக் கோட்டில், இன்னொரு கை இருந்தது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதோ சாட்சி! "கழுவாதீங்க. யாரையாவது கூப்பிடுங்க. ஒரு போட்டோ..."

"இங்க ஏது மேடம் போன்? தோல்ல இருக்கு. உடனே கழுவலேன்னா என் வேலை போயிடும்."

"கழுவிட்டா ஒரு மனுஷனோட வேலை போயிடும்!"

"நானும் புள்ளகுட்டிக்காரன் மேடம்" என்று அவள் மணிக்கட்டுகளைப் பிடித்துக் குழாயடியில் வைத்தார். திமிறினாள். அன்று இரண்டாவது தடவையாக அவள் கைகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சோப்பு நுரையோடு நீலம் கரைந்து ஓடியது. மூன்றாம் கழுவலில் கருவி அடங்கிவிட்டது. 'இரு புறங்கைகளிலும் தூசு. கழுவப்பட்டது' என்று எழுதினார். அவ்வளவுதான்.

திங்களன்று அவள் எந்தக் கட்டத்திலும் குறிபோடவில்லை. "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்க மேடம்" என்று பரிவாகத் தாளை வாங்கி, வேறொருவர் கையெழுத்திட்டார். மாலைக்குள் மாப்பிள்ளைக்குக் கடிதம் போய்விட்டது.

நடந்ததை மாப்பிள்ளையிடம் சொன்ன அண்ணி, அவரிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. கை துடைக்கத் துண்டை நீட்டும்போது, சோதனைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல், அடிக்குரலில் கேட்டார்:

"மேடம்... நான் வரைஞ்சது ரெண்டுமே வலது கை. கவனிச்சீங்களா?"