செய்முறை: மூன்று வரிகளுக்குள் எழுதவும்

படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரன். அடித்தல் திருத்தல் இருக்காது, எழுத்து கோட்டைத் தாண்டாது. தில்லிக் கண்காட்சிக்காக நீங்கள் அனுப்பிய படிவத்தையும் அப்படித்தான் நிரப்பிக்கொண்டு வந்தேன். 'செய்முறை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மூன்று வரி விட்டிருக்கிறீர்கள். மூன்று வரியில் அடங்காது என்பதால் தனித்தாள் இணைத்திருக்கிறேன். தேர்வுக் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம், 1973இல், 'ஏரி' என்ற பனைநார்ச் சுவர்த்திரைக்கு எனக்கு முதல் பரிசு கொடுத்தீர்கள். அதைப் போலவே இன்னும் பெரிதாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அது ஏன் முடியாது என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எம்பார். சொந்த ஊர் திருவள்ளூர். கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற குடும்பம். எனக்குப் பாசுரம் சொல்லக் குரல் வரவில்லை. பெருமாளுக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், தோல் பதனிடுகிறவர்களுக்கு ரசாயன உப்பு தயாரிக்கும் ஒரு ஷெட்டில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். அங்கேயே ஓர் அறை. சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவேன்.

என்னிடம் ஒரு குணம் உண்டு. எச்சில் ஆகாது. டம்ளரை உதட்டில் வைக்க மாட்டேன். தபால்தலையை நாக்கில் நனைக்க மாட்டேன். பிறர் நாக்கால் நனைத்து ஒட்டிய உறையைப் பிரித்தால் கை அலம்புவேன். உங்கள் கடிதங்களுக்கும் அலம்பியிருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

கலை ஆசை 1967இல் பிடித்தது. ஐந்து மாதம் உட்கார்ந்து தேங்காய் நாரில் ஒரு கருடனை முடிந்து உங்கள் மெட்ராஸ் கண்காட்சிக்கு அனுப்பினேன். உங்கள் குழு அதை வீட்டு உபயோகப் பிரிவுக்கு மாற்றி, கால்மிதி வரிசையில் ஆறுதல் பரிசு கொடுத்தது. கருடனுக்கு. என் மனைவி பூமா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு. வாசல்ல போட்டுடட்டுமா?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்றது. அடுத்த மூன்று வருடமும் அனுப்பினேன். கால்மிதிப் பிரிவில்கூட இடம் கிடைக்கவில்லை.

ரோசம்மாள் எங்கள் ஷெட்டைப் பெருக்குகிறவள். மத்தியானம் சாப்பிட்டதும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பனைநார் பின்னுவாள். 1971இல் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது அவள் மடியில் ஒரு முழ அகலத்துக்கு ஏரி கிடந்தது. தண்ணீரும் நாணலும் காற்றும் இருந்தன. அவள் சர்ச்சுக்குச் செய்கிறாளாம். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"இன்னா சாமி அப்டிப் பாக்குறீங்க? சோளாவரம் ஏரி. எங்கம்மா ஊரு அங்கதான்."

அழகு என்று தோன்றிய அதே கணத்தில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அவள் நாரின் நுனியைப் பல்லில் கடித்து, நாக்கால் நனைத்து, உதட்டில் இழுத்துப் பதப்படுத்தித்தான் பின்னினாள். ஏரி முழுக்க எச்சில்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பின்னக் கூடாதா என்று கேட்டேன்.

"தண்ணில போட்டா ஊறி உப்பிக்கும் சாமி. காஞ்சா முடிச்சு தளந்துபூடும். எச்சதான் அளவா நனைக்கும்."

எனக்காக ஒருமுறை கிண்ணத்தில் நனைத்தும் பின்னிக் காட்டினாள். ஒரு வாரத்தில் முடிச்செல்லாம் இளகிவிட்டது. கலைக்கு எச்சில் அவசியம் என்று தெரிந்துகொண்டேன். என் கருடனுக்கு அது எட்டாமல் போனதில் வியப்பில்லை.

கண்காட்சியைப் பற்றிச் சொல்லி, ஒன்று செய்துகொடு, படிவத்தை நான் எழுதுகிறேன் என்றேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முடித்ததை நான் கையால் தொடவில்லை. அவளையே செய்தித்தாளில் சுற்றிக் கட்டச் சொன்னேன். 'கலைஞர் பெயர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கடிதம் வந்து சேர விலாசம் வேண்டுமே என்றுதான் எழுதினேன், அப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

"பேரு போட்டீங்களா சாமி?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு" என்றேன். பொய் சொல்கிற வழக்கம் எனக்கில்லை.

பாராட்டுப் பத்திரம் வந்தது. அதன் கீழே, 'நிறம் வெளிறியுள்ளது, நிலைக்கும் சாயம் நன்று' என்று குழுவின் குறிப்பு இருந்தது. நிறம் நிலைக்க வைக்கும் ஆரஞ்சு உப்பு என் ஸ்டோரில் பீப்பாய் பீப்பாயாக இருந்தது. அது பொல்லாத உப்பு. கையுறை இல்லாமல் தொட்டவர்களுக்கு விரலில் ஆறாத புண் வரும். 'விஷம். வாயில் படக் கூடாது' என்று அந்த அறையில் ஒரு பலகை தொங்கும். அதை எழுதியவன் நான்தான். 'ஷ'வின் சுழியை எல்லாரும் மெச்சினார்கள். ரோசம்மாள் தினமும் அந்தப் பலகையைத் துடைப்பாள். பளபளவென்று வைத்திருப்பாள்.

1972இல் நாரை அந்த உப்பில் ஊறவைத்து, கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, காயவைத்துக் கொடுத்தேன். மூன்று முறை அலசினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் அவள் உதட்டில் கொப்புளம் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பாக இருக்கும் என்றேன். அந்த வருடம் இரண்டாம் பரிசு. பேப்பரில் என் படம் வந்தது. பூமா அதைக் கத்தரித்துப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கருடன் வாசலில்தான் கிடந்தான்.

அந்தப் பேப்பர்தான் வினையாயிற்று. ரோசம்மாளின் புருஷன் சாலமோனுக்கு யாரோ அதில் நாஷ்டா மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்குப் படிக்கத் தெரியும்.

"சாமி, பேப்பர்ல பாத்தோம். எம்பேரு இல்லியாம். உங்க பேருதான் கீதாம்."

"அச்சுப் பிழை" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "சரி சாமி. இந்த வாட்டி நானும் மெட்ராசு வர்றேன். அவுங்க முன்னால குந்திக்கினு பின்னிக் காட்டுறேன். அப்போ பிழையாப் போட மாட்டாங்க இல்ல?"

அந்த வாரமே உங்கள் சுற்றறிக்கையும் வந்தது. இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்கள் குழுவின் முன்னால் அமர்ந்து செய்து காட்ட வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. உயிர்ப் பயம் இல்லை. மறுபடி கால்மிதி ஆகிவிடுவேன் என்ற பயம். அதை நீங்கள் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். நீங்கள் பரிசு கொடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

'ஏரி' என்ற அந்தப் பெரிய திரைக்கு வேண்டிய நாரை அதே உப்பில் ஊறவைத்துக் கொடுத்தேன். இந்த முறை அலசவில்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து முதல் நாரைப் பல்லில் கடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது சாமி."

"வேப்பிலைச் சாறு சேர்த்திருக்கு ரோசம்மா. பூச்சி அரிக்காது."

"அப்டியா, நல்லதுதான்" என்று அடுத்த நாரை வாயில் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாயம் நன்றாக இறங்கியிருந்தது.

ஒன்பது நாள் பின்னினாள். ஐந்தாம் நாள் வாய் வெந்து கஞ்சி மட்டும் குடித்தாள். ஏழாம் நாளிலிருந்து வீட்டிலேயே படுத்துக்கொண்டு பின்னினாள். பத்தாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று சாலமோனைக் கேட்டார்களாம். கஞ்சி என்றிருக்கிறான். அது உண்மைதான். இரண்டு நாளில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாலமோன் செய்தித்தாள் பொட்டலத்தோடு என் அறைக்கு வந்தான்.

"முடிச்சிட்டுத்தான் சாமி கண்ண மூடிச்சு. கடசி முடிச்ச நாந்தான் புடிச்சுக்கினேன். சாமி கையில குட்துடு, அவரு பேரு போட்டு அனுப்புவாருன்னு சொல்லிச்சு."

மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். படிவத்தில் பெயர் எழுதி அனுப்பினேன். செய்து காட்டும் நாளன்று வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். கம்பவுண்டர் நன்றாகக் கட்டியிருந்தார். உங்களில் ஒருவர் அனுதாபத்தோடு கட்டைத் தொட்டுப் பார்த்து, இந்த விரல்கள் தேசத்தின் சொத்து என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆகவே இன்னொன்று முடியாது. கிணற்றில் தண்ணீர் குறைந்திருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது தவறு. கிணறு நிரம்பித்தான் இருந்தது. வாளியை இறக்கினேன், ஏற்றினேன், நாரைப் பார்த்தேன், தண்ணீரைத் தரையில் கொட்டினேன். அடித்துவிட்டு எழுதலாம் என்றால், அடித்தல் திருத்தல் இருந்தால் படிவம் செல்லாது என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருப்பதையும் அதனால்தான் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் கூடத்தில் தொங்கும் 'ஏரி'யைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போலீசுக்குச் சொல்வதானால் சொல்லலாம். வருகிறவர்களுக்கும் இதே தாள்களைக் கொடுப்பேன். என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒன்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நான் இதுவரை எவருடைய எச்சிலையும் தொட்டதில்லை.