மறதி உள்ள போர்டு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு முன்சீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்டேன். இந்த வயதில் செய்யக்கூடாததுதான். ஆனால், "மறதி உள்ள போர்டா வாங்கணும்" என்று ஒரு பெண் சொன்னபிறகு எப்படிக் கேட்காமல் இருப்பது?

பக்கத்தில் செல்போனில் மோட்டார் போர்டுகளின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார், கல்லூரிப் பெண், சிரித்தாள்.

"மதினி, ஞாபகம் இருக்கதுதான் இந்தப் போர்டோட வசதியே! கரெண்டு போயிட்டு வந்தா, முன்ன ஓடினத ஞாபகம் வச்சு அதுவே தோட்டத்து மோட்டாரப் போட்டுரும்."

"கரெண்டு போனா ஒங்கண்ணன் என்ன செய்வாக?"

"வீட்டுக்கு வந்து சோறு கேக்கும்."

"கெணத்துல எறங்கி, பாசி எடுக்க மோட்டாருக்குள்ள கைய விடுவாக ஏட்டி. அந்நேரம் கரெண்டு வந்தா?"

சிரிப்பு நின்றது. நாத்தனார் வேறு படத்தைக் காட்டினாள்.

"இது கரெண்டு போனா எல்லாத்தையும் மறந்துரும். பொறவு நாம செல்லுல அமுக்குனாத்தான் மோட்டார் ஓடும். அதுக்குள்ள ஆப்ப அண்ணன் செல்லுல ஏத்திருவமா?"

"வேண்டாம். அவுக செல்லு கரையில சட்டைப் பையில கெடக்கும், எவனாவது எடுத்து நோண்டுவான். எஞ்செல்லுல மட்டும் ஏத்து. கரையேறிட்டேன்னு அவுகளே எனக்கு போன் பண்ணட்டும். அவுக கொரலக் கேட்ட பொறவுதான் அமுக்குவேன்."