வெயிலில் ஏது ஈரம்?

செய்த செயலியைப் பூட்டி வைப்பதா, திறந்து வைப்பதா என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அதற்கு முன், அவைத் தலைவர் சிவசாமி ஐயா அவர்களே, ஹட்டன் நகரத்து வணிகப் பெருமக்களே, மலையிறங்கி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

நானும் இக்ராம் நானாவும் ஒரு செயலி செய்தோம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதே எடுத்தவரின் போனில் எடை தெரியும். சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கழித்ததும் தெரியும்.

எந்த உரிமத்தில் வெளியிடுவது? நானாவின் போன் கடையில் எனக்கும் அவருக்கும் சண்டை.

“சும்மா அள்ளிக் குடுத்தா, எவனாவது வேற பேரு போட்டு விப்பான். கடைய மூடிட்டு நான் கொழுந்து எடுக்கவா போறது?” என்றார் நானா.

“வாங்க நானா, கூடை நான் தாறேன்!” என்றார் போன் திருத்த வந்திருந்த பொகவந்தலாவைத் தோட்டத் தொழிலாளி அழகம்மா அக்கா. “ஆனா பூட்டி வச்சா, உள்ளுக்க என்னா கழிக்கிறாங்கன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை.

இருவர் அச்சமும் நியாயம். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை எழுதினோம். எடுக்கலாம். மாற்றலாம். விற்கலாம். மாற்றினால், மாற்றிய நிரலை எல்லோருக்கும் திறந்து காட்ட வேண்டும்.

ஒரு நிறுவனம் எடுத்தது. பெயரை மாற்றியது. அக்காவின் தோட்டத்துக்கே விற்றது. திறக்கவில்லை. திரையில் கழிவு மறைந்தது. நிகர எடை மட்டும் நின்றது.

கேட்டோம். விலை பேசினார்கள். நிபந்தனையை நீக்கினால் போதுமாம். கடை மூடிவிடுமோ என்று கலங்கிய அதே நானா சொன்னார்:

“பேரம் வேணாங்க. தொறங்க. இல்லன்னா எடுத்தத கீழ வைங்க.”

வழக்குப் போடுவோம் என்றதும் திறந்தார்கள். உள்ளே என்ன? வெயில் கொளுத்திய நாளிலும் ஈரத்துக்குக் கழிவு! ஆமாம் அம்மா, உரக்கச் சொல்லுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும்!

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில், பெண்கள் ஒருவரும் மலைக்கு ஏறவில்லை.

“வெயில்ல ஏதுங்க தொர ஈரம்?” என்று தோட்டத் துரையைக் கேட்டார்கள்.

கழிவு நின்றது. அந்தத் தோட்டம் எங்களிடமே வந்தது. நிறுவித் தருவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில்.

திறந்ததால் தோற்றோமா? கொடுத்ததால் குறைந்தோமா? இல்லை! எங்கள் உழைப்பைத் திருட வந்தவனைத் தடுத்த அதே வரிதான், எங்கள் தாய்மாரின் கொழுந்தைத் திருடியவனையும் காட்டிக்கொடுத்தது. உழைத்தவர் எவரோ, அவர் கண்முன்னே நிறுக்கப்படட்டும்! இவ்வளவு நேரம் செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

பேசி முடித்த வினோதா மேடையிலிருந்து இறங்கி, வட்டகொடைத் தோட்டமொன்றில் செயலியை நிறுவுவதற்காக ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.