தலையில் போட்ட துண்டு

...ஒரு மணிக்கு வேன் வாசல்ல நிக்கும்னாங்க அண்ணே, இப்ப மணி மூணு! வேனும் இல்ல, வேனோட நிழலும் இல்ல. நீங்களும் அந்த வேனுக்குத்தானே உக்காந்துருக்கீங்க? அதானே பாத்தேன். பாஷை தெரியாத ஊர்ல நம்ம பேச்சு பேசற ஆளா கெடைச்சீங்க, பேசாம எப்படி இருக்கறது? நீங்க பேசாட்டி பரவால்ல, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடறேன்.

விமானம் பறக்குதாம் அண்ணே. சாயந்திரம் ஏழு மணிக்கு டாண்ணு கெளம்புமாம். விமான நிலையத்துக்குப் போறதுக்குத்தான் வழி இல்ல! நாடு முழுக்க வேலை நிறுத்தம்னா பாத்துக்கங்களேன்... பஸ் இல்ல, ரயில் இல்ல, டாக்சி இல்ல. தெரு முக்குல டயரைக் கொளுத்திப் போட்டு, அந்தக் கரி என் மூக்குக்குள்ள குடித்தனம் பண்ணுது. நேத்து கல்லு வந்து விழுந்துச்சு, அதோ கண்ணாடில அட்டை ஒட்டியிருக்கே, அங்கதான். எறிஞ்ச ஆளு என்னைப் பாத்ததும் ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடறான்! மரியாதை தெரிஞ்ச மனுஷன், அதையும் சொல்லணுமில்ல.

போன் வேற ரெண்டு நாளா செத்துக் கெடக்கு. ஒன்றரை வயசுப் புள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு வந்துருக்கேன் அண்ணே. என் காது மடலைப் புடிச்சாத்தான் அதுக்குத் தூக்கம் வரும். மாமியாருக்குக் கல்லு வச்ச தோடு, புள்ள கையைக் குத்தும்! இதை விட்டா அடுத்த விமானம் எட்டு நாள் கழிச்சுத்தானாம். எட்டு நாள்ல அது என்னை யாரோ எதிர்வீட்டு அத்தைன்னு நெனைச்சுக்கும்.

ஏன்தான் வந்தேனா? இவரு தண்ணி மோட்டார் விக்கிற கம்பெனி. ஜாஸ்தி வித்தவங்க ஜோடியா வெளிநாடு போயிட்டு வாங்கன்னாங்க. பாவி மனுஷன் வித்துத் தொலைச்சுட்டாரு! அதோ, மாடிப்படில சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரே, அவருதான். காலைலேருந்து என்கூட பேச்சு இல்ல. ஏன்னா... அது கெடக்கட்டும் விடுங்க.

இந்த லாட்ஜைத்தான் சொல்லுங்களேன்! சமையல்காரன் இல்ல, ரெண்டு நாளா காஞ்ச ரொட்டி. படுக்கை விரிப்பு மாத்த ஆளில்ல. வந்த அன்னிக்கு எல்லாரும் இருந்தாங்க அண்ணே. வெளில நாடே கொதிக்குது, உள்ள தொடப்பமும் கையுமா வேலை நடக்குது.

எனக்கு அதான் பொறுக்கல. நான் பாலர் பள்ளி ஆயா. போன வருஷம் சம்பளம் ஏத்தச் சொல்லிப் பதினோரு நாள் ரோட்டுல உக்காந்தோம். வெயிலுன்னா வெயிலு! எல்லாரும் உக்காந்துருக்க, ஒருத்தி மட்டும் தலைல துண்டைப் போட்டுக்கிட்டு பின்வாசல் வழியா வேலைக்குப் போனா. கேட்டா, புள்ளைக்கு மருந்து வாங்கணுமாம். ஊர்ல யாருக்குத்தான் புள்ள இல்ல? அன்னிலேருந்து அவ பேரு துண்டுக்காரி. என் சாப்பாட்டு டப்பா மூடியக்கூட அவ பக்கமா வைக்கமாட்டேன்.

அதான், எங்க ரூமைக் கூட்ட வந்த பொண்ணு... ஜன்னலுக்குக் கீழ ஊர்வலம் போகுது, இவ குனிஞ்சு கட்டிலுக்கடில கூட்டறா! பாஷை தெரியாட்டி என்ன, கை இருக்குல்ல? அவங்களைக் காட்டினேன், இவளைக் காட்டினேன். புரியல. குளிக்கிற துண்டை எடுத்துத் தலைல போட்டுக்கிட்டு, துண்டுக்காரி பம்மிப் பம்மிப் போவாளே, அதே மாதிரி நடந்து காட்டினேன். மொதல்ல சிரிச்சா. அப்புறம் மூஞ்சி சுருங்கிப்போச்சு. தொடப்பத்தைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு, என் கையைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போயிட்டா அண்ணே! எனக்குப் பெருமைன்னா அப்படியொரு பெருமை. மறுநாள் சமையல்காரன் போயிட்டான், துணி தொவைக்கிறவங்க போயிட்டாங்க, அப்புறம்...

வேன் டிரைவரா?

அது... அந்தப் பொண்ணோட புருஷன் அண்ணே. காலைல மேனேஜர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நான் போராடறேன், நீ மட்டும் வண்டி ஓட்டுவியான்னு அவனையும் இழுத்துட்டுப் போயி, முக்குல நடுரோட்டுல உக்கார வச்சிருக்காளாம். வேற டிரைவரைப் புடிச்சு ஒரு மணிக்கு வேனை அனுப்பறேன்னாரு மேனேஜர், அதைத்தான் இன்னும் காணோம். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டியேடி"ன்னாரு இவரு. அதோட மூடின வாயிதான்.

என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? நியாயத்தைத்தானே சொல்லிக் குடுத்தேன்?

அண்ணே... எங்க எந்திரிச்சுட்டீங்க? பாத்ரூமுக்கா? பெட்டியோடயா! அந்தப் பக்கம் சமையல்கட்டுல்ல இருக்கு?... என்னது, பின்வாசலா? மேனேஜர் அவரு காரை எடுக்கறாரா? இத்தனை நேரம் இதை ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!

இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்குமாண்ணே? மடில பெட்டிய வச்சுக்கிட்டு ஒண்டிக்கறோம். புள்ள காத்துக்கிட்டிருக்குண்ணே... முக்கைத் தாண்டித்தான் கார் போகணுமா? அங்க அவ உக்காந்துருப்பாளே!

ஏங்க! சுவத்தைப் பாத்தது போதும், எந்திரிங்க! மேல ஓடிப்போயி அந்தக் குளிக்கிற துண்டை எடுத்துட்டு வாங்க.

...எதுக்கா? தலைல போட்டுக்கத்தான்!